தோல் வணிகம் தந்த கல்லூரிகள்

 

நம் முன்னோர் பொருளீட்டுவதில் வல்லவர்களாக விளங்கினர் என்று பெருமையுடன் பேசுகிறோம். ஈட்டிய பொருளை அவர்கள் எதில் இட்டனர் என்பதை மட்டும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

வாணியம்பாடி, தோல் பதனிடும் தொழிலால் செழித்த ஊர். அவ்வூர்ச் சமுதாயப் பெரியோர் கல்விக்கெனப் பொருள் திரட்டி, 1919-ஆம் ஆண்டிலேயே இஸ்லாமியாக் கல்லூரியை நிறுவினர். தோல் வணிகத்தில் புகழ்பெற்ற ஜமால் முஹம்மது சாஹிப், திருச்சி காஜாமியான் ராவுத்தர் ஆகியோரின் கொடையால் 1951-இல் திருச்சிராப்பள்ளியில் ஜமால் முஹம்மது கல்லூரி எழுந்தது. அதே ஆண்டில் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கத்தார் சென்னையில் புதுக் கல்லூரியைத் தொடங்கினர். 1955-இல் நீதியரசர் பஷீர் அஹ்மத் சயீத் அவர்களின் முயற்சியால் சென்னையில் பெண்களுக்கெனத் தனிக் கல்லூரி உருவாயிற்று.

இவற்றில் இட்ட பணம் வீண் போயிற்றா? வணிகம் ஓராண்டு ஏறும். மறு ஆண்டு இறங்கும். கல்லூரியோ ஆண்டுதோறும் பட்டதாரிகளை அளிக்கிறது. பட்டம் பெற்ற ஒருவர் ஆசிரியராகவோ கணக்காளராகவோ அமர்ந்தால் அவருடைய குடும்பம் கடனிலிருந்து மீள்கிறது. தம்பி தங்கையர் படிக்கின்றனர். அரசுக்கு வரி சேர்கிறது. நேற்று ஜகாத் பெற்ற இல்லம் நாளை ஜகாத் கொடுக்கும் இல்லமாகிறது. கல்லூரி அமைந்த ஊரிலும் விடுதி, உணவகம், புத்தகக் கடை எனப் பலருக்குப் பிழைப்பு உண்டாகிறது. சாதி, மத வேறுபாடின்றிப் பிற சமுதாய மாணவர்களும் இக்கல்லூரிகளில் பயின்றதால், பயன் நாடு முழுமைக்கும் சென்றது.

இத்தகைய மரபிருந்தும் நாடளாவிய நிலை கவலைக்குரியதாகவே இருந்தது. 20 வயதும் அதற்கு மேலும் உடைய இந்தியர்களில் பட்டமோ பட்டயமோ பெற்றோர் ஏறத்தாழ 7 விழுக்காடு. முஸ்லிம்களில் 4 விழுக்காட்டிற்கும் குறைவு என்று 2006-இல் சச்சார் குழு எடுத்துரைத்தது. 2007-இல் தமிழகத்தில் நமக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு கிடைத்தது. ஆனால் இடம் கிடைத்தும் கட்டணம் செலுத்த வழியின்றி நிற்கும் பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

ஒரு வேளை விருந்துக்கு நாம் செலவிடும் தொகை அன்றே கரைந்துவிடுகிறது. அதில் ஒரு பகுதியை ஜமாஅத்தின் கல்வி நிதிக்கு அளிப்போமாயின், அது நம் மறைவுக்குப் பின்னும் நன்மை தொடரும் ஸதகத்துல் ஜாரியாவாகும். நம் மஹல்லாவில் பணமின்மையால் ஒரு பிள்ளையின் படிப்பும் நின்றுவிடாதிருக்க உறுதி கொள்வோம்.

வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.