எட்வர்ட்ஸ், கேரத்

கேரத் எட்வர்ட்ஸ் (பி. 1947): வேல்ஸ் தேசத்து ரக்பி ஆட்டக்காரர். ஸ்க்ரம்-ஹாஃப் ஸ்தானத்தில் ஆடி, 1967 முதல் 1978 வரை இடைவிடாமல் தொடர்ந்து 53 சர்வதேச ஆட்டங்களில் வேல்ஸுக்காகக் களமிறங்கியவர்.

தெற்கு வேல்ஸில் க்வைன்-கை-கர்வன் என்னும் நிலக்கரிக் கிராமத்தில், சுரங்கத் தொழிலாளியின் மகனாக இவர் வளர்ந்தார். பான்டர்டாவே பள்ளியில் தேகப்பயிற்சி ஆசிரியராயிருந்த பில் சாமுவேல், சிறுவனின் திறமையைக் கண்டு கடுமையான பயிற்சி அளித்ததோடு, இங்கிலாந்திலுள்ள மில்ஃபீல்டு பள்ளியில் உபகாரச் சம்பளம் பெற்றுச் சேரவும் வழிசெய்தார். பின்னர் கார்டிஃப் சங்கத்தில் சேர்ந்த எட்வர்ட்ஸ், 1967 ஏப்ரல் 1ஆம் தேதி பாரிஸில் பிரான்சை எதிர்த்து, 19ஆம் வயதில் முதன்முதலாக நாட்டுக்காக ஆடினார். மறு ஆண்டே, இருபது வயதில், வேல்ஸ் அணித் தலைவர்களுள் மிக இளையவரானார்.

இரு பக்கத்து முன்கள வீரர்களும் தோளோடு தோள் பொருத்தித் தள்ளும் ஸ்க்ரத்தின் அடியிலிருந்து புறப்படும் பந்தை எடுத்து, எதிரிகள் பாய்ந்து பிடிப்பதற்குள், பின்னால் நின்று ஆட்டத்தை நடத்தும் ஃப்ளை-ஹாஃபுக்கு அனுப்புவதே ஸ்க்ரம்-ஹாஃபின் பிரதான கடமை. அப்பந்து குட்டையாக விழுந்தால், அதைப் பெறுபவரிடம் எதிரியும் கூடவே வந்து சேருவான். எட்வர்ட்ஸோ இடம் வலம் இரு பக்கமும் பந்தைச் சுழலவிட்டு நெடுந்தூரம் எறியவல்லவராதலால், வேல்ஸின் ஃப்ளை-ஹாஃபான பாரி ஜான் ஸ்க்ரத்தைவிட்டு வெகு தூரம் விலகி நின்று, நிதானமாக யோசித்து ஆட முடிந்தது. 1972இல் ஜான் ஓய்வுபெற்றபின், அதே சௌகரியம் அவர் இடத்துக்கு வந்த ஃபில் பென்னெட்டுக்கும் வாய்த்தது. ஜனங்கள் நினைவில் வைத்துப் போற்றுவது இவர் அடித்த டிரைகளையே (எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றிப் புள்ளி பெறுதல்) என்றாலும், சக வீரருக்கு ஓரிரு கணம் அவகாசம் தேடித்தந்த இந்த எறிதலே இவருடைய சாமர்த்தியத்தின் சாரம் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆயினும் அந்த டிரைகளும் சாமானியமானவை அல்ல. 1972இல் கார்டிஃபில் ஸ்காட்லாந்துக்கு எதிராக, தம் அணியின் பாதிக் களத்திலிருந்தே பிய்த்துக்கொண்டு ஓடி, எதிர்நின்ற கடைசிக் காவலரின் தலைக்கு மேலாகப் பந்தை உதைத்து, அதைத் துரத்திச் சென்று மீண்டும் காலால் தள்ளி, மூலையில் பாய்ந்து விழுந்து டிரை அடித்தபோது, எழுந்து வந்தவரின் முகமெல்லாம் செஞ்சேறு அப்பியிருந்தது. 1973 ஜனவரியில், அதே கார்டிஃபில், பார்பேரியன்ஸ் என்னும் அழைப்பு அணிக்காக நியூஸிலாந்தை எதிர்த்து அடித்ததோ இன்னும் பிரசித்தம்: பென்னெட் தம் கோலருகே எதிரிகள் பலரை ஏய்த்துத் தொடங்கி, பலர் கைமாறி வந்த பந்தை, பின்னாலிருந்து புயலெனப் பாய்ந்து வந்து பற்றிக்கொண்டு இவர் முடித்துவைத்தார்.

பிரிட்டன், அயர்லாந்து வீரர்களின் கூட்டணியான பிரிட்டிஷ் லயன்ஸ் அணியுடன் மூன்று யாத்திரைகள் மேற்கொண்ட இவர், 1971இல் நியூஸிலாந்தில் தொடரை வென்ற குழுவிலும், 1974இல் தென்னாப்பிரிக்காவில் தோல்வியே காணாத குழுவிலும் இருந்தார். 1971, 1976, 1978 ஆகிய ஆண்டுகளில் ஐந்து நாடுகள் போட்டியில் வேல்ஸ் எல்லா எதிரிகளையும் வென்று 'கிராண்ட் ஸ்லாம்' பெற்றதில் இவர் பங்கு பெரிது. கடைசி ஆட்டமும் அவ்வாறு பிரான்சை வென்ற 1978 மார்ச் ஆட்டமே. நாட்டுக்காக அடித்த டிரைகள் 20.

ஓய்வுக்குப் பின் சுயசரிதை எழுதிச் சன்மானம் பெற்றதனால், ஊதியமில்லா ஆட்டத்தின் விதிப்படி இவர் 'தொழில்முறையினர்' எனக் கருதப்பட்டு, ரக்பியில் பயிற்சியாளராகும் உரிமையை இழந்தார். இத்தனை ஆண்டு உழைத்தவருக்கு இது நியாயமன்று; அவ்விதி 1995இல்தான் நீங்கியது. 2015இல் இவருக்கு 'சர்' பட்டம் அளிக்கப்பட்டது.