கோவை இழந்த மிருகக்காட்சி சாலை

கோவை நேரு விளையாட்டரங்கின் அருகே உள்ள வ.உ.சி. பூங்காவின் மிருகக்காட்சி சாலையை அறியாத கொங்கு நாட்டுக் குடும்பங்கள் அரிது. திருப்பூர், பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம் வட்டாரங்களிலிருந்து பிள்ளைகளை அழைத்து வந்தோர் பல தலைமுறையினர். மாநகராட்சி நடத்திவந்த அச்சாலைக்குரிய அங்கீகாரத்தை, போதிய இடமின்மை முதலான காரணங்களைக் காட்டி, மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2022 ஜனவரியில் ரத்துச் செய்தது. அந்த அங்கீகாரமின்றி மிருகக்காட்சி சாலை நடத்த நம் நாட்டுச் சட்டம் இடந்தருவதில்லை.

விலங்கை வளர்ப்பவர் மீது அதன் நஃபகா, அதாவது உணவு முதலிய பராமரிப்புச் செலவு, கடமை என்பதை ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. ஒரு மாட்டுக்கு அது எளிது. நூற்றுக்கணக்கான உயிர்களுக்கு, அதுவும் அரசின் மானியமின்றி, அச்செலவை யார் ஏற்பது? இந்திய வரலாற்றில் இதற்கு வெவ்வேறு விடைகள் உண்டு.

முதல் விடை, மன்னரின் பணப்பை. 1856இல் அரசை இழந்து கல்கத்தாவின் மட்டியாபுர்ஜில் குடியேறிய அவத் நவாப் வாஜித் அலீ ஷா, ஆண்டுக்கு 12 லட்ச ரூபாய் ஓய்வூதியத்தில் ஒரு குட்டி லக்னோவையே அங்கு எழுப்பினார். அதில் பெரும் விலங்குக் கூடமும் இருந்தது. பாம்புகளுக்கென அவர் அமைத்த செயற்கைக் குன்றைப் பற்றி, இளமையை அங்கே கழித்த உருது எழுத்தாளர் அப்துல் ஹலீம் ஷரர் வியந்து எழுதியுள்ளார். 1887இல் நவாப் மறைந்தார், ஓய்வூதியம் நின்றது, விலங்குகளும் சிதறிப் போயின. அது வக்ஃபு அன்று, ஒரு மனிதரின் ஆசை. ஆசைக்கு முத்தவல்லி கிடையாது.

அங்கிருந்து சில மைல் தொலைவிலுள்ள அலிப்பூரில் 1876இல் திறக்கப்பட்ட உயிரியல் தோட்டமோ வேறு வழியில் சென்றது. நிலம் அரசு தந்தது. பணம் சுதேச மன்னர்களும் செல்வந்தர்களும் தந்த நன்கொடை. தொடக்கத்திலிருந்த விலங்குகளில் பல, கார்ல் ஷ்வெண்ட்லர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் தாம் வளர்த்தவை. பலருடைய பணம் என்பதால் ஒருவரின் மரணம் அதைச் சாய்க்கவில்லை. இன்றும் அது இருக்கிறது.

கொங்கு நாட்டவருக்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு, திம்பம் மலைப்பாதைக்கு அப்பாலுள்ள மைசூர். 1892இல் பத்தாம் சாமராஜேந்திர உடையார் நிறுவிய அரண்மனைக் கூடம் அது. மட்டியாபுர்ஜின் கதி அதற்கும் நேர்ந்திருக்கலாம். 1948இல் மாநில அரசின் வசம் வந்தது. 1979இல் கர்நாடக உயிரியல் பூங்கா ஆணையம் என்ற தன்னாட்சி அமைப்பு உருவாயிற்று. என் கணிப்பில் இந்த 1979தான் திருப்புமுனை. வாயிலில் வசூலாகும் பணம் பொதுக் கருவூலத்தில் கரையாமல் விலங்குகளுக்கே திரும்பலாயிற்று. பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் ஆண்டுக்கு 30 லட்சம் பேர் வரை அங்கே சென்றனர்.

2001இல் தத்தெடுப்புத் திட்டமும் சேர்ந்தது. ஒரு விலங்கின் குறிப்பிட்ட காலச் செலவை ஒருவர் ஏற்பார். விலங்கு பூங்காவிலேயே இருக்கும். தத்தெடுப்பு என்பதைவிடக் கஃபாலா என்பதே இதற்குப் பொருந்தும் சொல். கொரில்லாக்களுக்கான கூடம் இன்ஃபோசிஸ் அறக்கட்டளையின் பணத்தில் எழுந்தது.

இம்முறைக்கும் பலவீனம் உண்டு. 2020 மார்ச்சில் வாயில் மூடியதும் வருவாய் முற்றிலும் நின்றது. அப்போது மைசூர் மாவட்டப் பொறுப்பு அமைச்சர் சோமசேகர் நன்கொடை திரட்ட முன்வந்தார். 2 கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. பல ஆண்டுகள் வாயிலில் சீட்டு வாங்கிப் பழகிய மக்களிடம்தான் அப்படிக் கேட்க முடியும்.

கோவைக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. சில ஏக்கர் நிலத்தில் புலியோ ஒட்டகச்சிவிங்கியோ வைக்க விதிகள் இடந்தரா. அவை இல்லாத இடத்திற்குப் பெருங்கூட்டம் வராது. கூட்டமின்றிச் சீட்டுப் பணம் ஏது? குடிநீரும் சாலையும் சாக்கடையும் முந்தி நிற்கும் மாநகராட்சிக் கணக்கில், மானும் முதலையும் கடைசி வரிசைக்கே தள்ளப்படும்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. மைசூர் பூங்காவுக்காக எண்பதுகளின் தொடக்கத்தில் மக்களைத் திரட்டிய அமெரிக்கப் பெண்மணி சாலி வாக்கர், 1985இல் தொடங்கிய 'ஜூ அவுட்ரீச் ஆர்கனைசேஷன்' என்ற தன்னார்வ நிறுவனம் பின்னர் கோவைக்கே வந்து நிலைபெற்றது. தெற்காசியாவின் பூங்காக்களுக்குப் பயிற்சியும் நூல்களும் இந்நகரிலிருந்தே சென்றன. 2019இல் அவர் காலமானார். அடுத்த மூன்றாம் ஆண்டில் கோவையின் சொந்தச் சாலை அங்கீகாரம் இழந்தது. அதன் விலங்குகளை வேறிடங்களுக்கு அனுப்பும் பணி தொடங்கிற்று.