தங்க விளிம்பு

மூணே மாசத்தில் கோப்பைகளின் தங்கக் கோடு காணாமல் போயிருந்தது. அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் செட். ஆறில் நாலை என்னிடம் தந்தபோதே "கையாலதான் கழுவணும்"ன்னு சொல்லியிருந்தாள். வீடியோ காலில் பார்த்ததும் ஒரே கேள்வி: "மெஷின்ல போட்டியா?"

அந்த மெஷினைக் கண்டுபிடித்தது யார் என்று எரிச்சலோடு தேடப்போய்த்தான் ஜோசபின் காக்ரேனிடம் வந்து சேர்ந்தேன்.

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஷெல்பிவில் என்ற ஊர். வசதியான வீடு, அடிக்கடி விருந்து. பரம்பரைப் பீங்கான் தட்டுகளைக் கழுவும்போது வேலைக்காரர்கள் ஓரத்தைப் பெயர்த்துவிடுகிறார்கள் என்று ஜோசபின் தானே கழுவ ஆரம்பித்தார், அதுவும் அலுத்துப்போய் இயந்திரம் செய்ய இறங்கினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. விருந்து முடிந்த ராத்திரியில், சோப்பு வழுக்கும் கையோடு நின்றவர்கள் இதை எப்படிச் சொல்லியிருப்பார்களோ! அவர்கள் பெயர்கூட இந்தக் கதையில் கிடையாது.

எனக்கென்னவோ தட்டைவிடக் கடன்தான் பெரிய காரணமாகத் தோன்றுகிறது. 1883-இல் கணவர் வில்லியம் கடனை விட்டுவிட்டு இறந்துபோனார். விருந்துக்காரப் பெண்மணியின் யோசனை பிழைப்பாக மாறியது அதற்குப் பிறகுதான்.

ஜார்ஜ் பட்டர்ஸ் என்ற மெக்கானிக் உதவிக்கு வந்தார். தட்டு, கோப்பை, சாஸர் எல்லாவற்றையும் அளந்து, அதனதன் அளவுக்குக் கம்பிக் கூடுகள் செய்தார்கள். கூடுகள் ஒரு சக்கரத்தில். சக்கரம் ஒரு செம்புக் கொப்பரைக்குள். சக்கரம் சுழலச் சுழல, அடியிலிருந்து சோப்பு கலந்த வெந்நீர் பீய்ச்சும். 1850-லேயே ஜோயல் ஹவுட்டன் ஒரு மர இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அது தண்ணீரைத் தெளித்ததோடு சரி. ஜோசபினுடையதில் பாத்திரம் தன் கூட்டில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும், தேய்க்கிற வேலையைத் தண்ணீரின் வேகமே பார்த்துக்கொள்ளும். முதலில் தட்டை அளந்தார்கள் பாருங்கள், அங்கேதான் நான் விழுந்தேன். யாரும் எதையும் அளக்காமல் டிசைன் முடிந்துபோன மீட்டிங்குகளில் நான் நிறைய உட்கார்ந்திருக்கிறேன்.

1886 டிசம்பர் 28 அன்று காப்புரிமை கிடைத்தது. ஆனால் வீடுகள் வாங்கவில்லை. விலை அதிகம்; அவ்வளவு வெந்நீரும் வீடுகளில் கிடையாது. வாங்கியவை சிகாகோவின் பால்மர் ஹவுஸ் மாதிரியான ஓட்டல்கள். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியின் உணவகங்களிலும் அந்த இயந்திரம் ஓடியது. பரம்பரைத் தட்டைக் காப்பாற்றப் பிறந்தது ஓட்டல் தட்டைக் கழுவிச் சம்பாதித்தது.

சரி, என் தங்கம் எங்கே போனது? பீங்கானில் நீலப் பூ பெரும்பாலும் மெருகுக்கு அடியில் இருக்கும். மெருகோடு சேர்ந்து 1,300 டிகிரி வாக்கில் வெந்தது, அசையாது. தங்கம் அப்படியல்ல. மெருகின்மேல் மெல்லிய பூச்சாகத் தடவி, அதைவிடக் குறைந்த சூட்டில் சுட்டு ஒட்டவைப்பது. ஜோசபின் ஊற்றியது சோப்புத் தண்ணீர். இன்று நாம் போடும் பொடியோ காரம் மிகுந்தது. சூடான தண்ணீரில் அது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும்.

இப்போது பிளாஸ்டிக் தொட்டிக்குள் துண்டை விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒவ்வொன்றாக நானே கழுவுகிறேன். கைப்பிடியைப் பிடித்துத் தூக்குவதில்லை. டீக்கறைக்கு உள்பக்கம் மட்டும் சமையல் சோடா, விளிம்பில் படாமல்.

காலையில் சமைக்க வரும் அக்காவிடம், "இதை மட்டும் தொட வேண்டாம், நான் பார்த்துக்கறேன்" என்றேன். அவர் காய் நறுக்கியபடியே சிரித்தார்.

"நல்லதாப் போச்சு தம்பி. உடைஞ்சா எம்மேல பழி வராது."