முற்றத்தில் விரித்த கொடி

நெதர்லாந்தின் தென்பகுதியில், கம்பளி நெசவால் பெயர்பெற்ற நகரம் தில்பர்க். அங்குள்ள டீப்பன் தெருவின் நினைவுக்கல் நாம் அறியத்தக்க வரலாறொன்றை உரைக்கின்றது.

1940 மே முதல் அந்நாடு செருமானியர் பிடியில் இருந்தது. வானூர்தி வீழ்ந்து உயிர்தப்பிய நேசநாட்டு வீரரை மறைத்துக் காப்பது விடுதலை இயக்கத்தாரின் பணிகளுள் ஒன்று. பிடிபட்ட வீரரைப் போர்க்கைதியாக நடத்துவதே போர்நெறி. புகலிடம் தந்தோர்க்கு அத்தகைய காப்பு ஏதும் இல்லை. இதனை நன்கறிந்தே, அறுபது வயதை நெருங்கிய கோபா புல்ஸ்கென்ஸ் அம்மையார் தம் சிறு இல்லத்தைத் திறந்துவிட்டார்.

1944 சூலை 9 அன்று செருமானியக் காவலர் அவ்வில்லத்துள் புகுந்தனர். ஆயுதமற்றிருந்த மூவரை விசாரணையின்றிச் சுட்டுக் கொன்றனர். ஒருவர் ஆங்கிலேயர், ஒருவர் கனடியர், மற்றவர் ஆஸ்திரேலியர். போர்நெறியும் அவர்களைக் காக்கவில்லை. உடல்களை மூடத் துணி கேட்கப்பட்டபோது, விடுதலை நாளில் ஏற்றுவதற்கென ஒளித்து வைத்திருந்த நாட்டுக் கொடியையே அம்மையார் கொணர்ந்து போர்த்தினார்.

அவ்வாண்டு அக்டோபரில் தில்பர்க் விடுதலை பெற்றது. அம்மையார் அதனைக் காணவில்லை. சிறைப்பட்ட அவர் 1945இல் ராவன்ஸ்புரூக் வதைமுகாமில் உயிர்நீத்தார்.

பிறமொழி வழங்கும் ஊர்களில் குடியேறி வாழும் நாம், முன்பின் அறியாதவர்க்குத் திறக்கும் கதவின் அருமையை உணர்ந்தவர்கள். அம்மூவரின் மொழியோ அம்மையாரின் மொழியன்று. ஆயினும் தம் நாட்டின் கொடிக்கு அவர்களை உரியவராக்கினார். அக்கல்லை நாம் போற்றுவது அதன்பொருட்டே.