பெயர் எழுதப்படாத அம்மம்மாக்கள்

எங்கட அம்மம்மா ரெண்டு நாட்காட்டி வச்சிருக்கிறா. ரெண்டும் மனசுக்குள்ளதான். ஒண்டு வயலுக்கு: ஐப்பசியில காலபோக விதைப்பு, கட்டுக்கரைக் குளத்துத் தண்ணி, மாசியில அரிவுவெட்டு. மற்றது கோயிலுக்கு: தவக்காலத்தில வியாகுலப் பிரசங்கம், ஆவணி 15 மடுத் திருவிழா. குசினிச் சுவரில ஒரு சின்ன முடிச்சில மடு மண் தொங்கும். வயலில ஆரையும் பாம்பு கடிச்சா எண்டு.

பொழுதுபட்டா செபமாலை. அது முடியாமல் சோறு இல்லை. ஒருநாள் கேட்டன்: “ஆரம்மம்மா உங்களுக்கு இதைப் படிப்பிச்சது?” “எங்கட அம்மா. அவவுக்கு அவட அம்மா.” “அதுக்கு முதல்?” “ஆருக்குப் பிள்ளை தெரியும்?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில் இருந்துதான் தொடங்குகிறது.

மன்னாரின் கத்தோலிக்க வரலாறு என்றால் நாங்கள் சில பெயர்களைச் சொல்லுவம். முத்துக்குளிக்கும் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார். 1544 இல் அவர் அனுப்பிய குருவிடம் மன்னார் மக்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். போர்த்துக்கேயர் பக்கம் சனம் போகுது என்று கண்ட யாழ்ப்பாண மன்னன் முதலாம் சங்கிலி படையோடு வந்தான். ஏறத்தாழ 600 பேர் கொல்லப்பட்டார்கள். அதில் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். மன்னனின் பெயர் தெரியும், குருவை அனுப்பியவரின் பெயர் தெரியும். அந்தத் தாய்மாரின் பெயர்?

1560 இல் மன்னார் போர்த்துக்கேயரிடம் போனது. 1658 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். அவர்கள் புரட்டஸ்தாந்தர். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டார்கள். குருவை வீட்டில் ஒளித்து வைத்தால் மரண தண்டனை என்று கட்டளையும் வந்தது. 1687 இல் கோவாவில் இருந்து யோசப் வாஸ் அடிகள் வரும்வரை, கிட்டத்தட்ட 30 வருசம், நிலையாக ஒரு குருவும் இல்லை.

30 வருசம் என்றால் ஒரு தலைமுறை. அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளை பூசையே காணாமல் வளர்ந்து, கலியாணம் கட்டி, தானும் பிள்ளை பெற்றிருக்கும். யோசப் வாஸ் பிச்சைக்காரர் வேசத்தில், கழுத்தில் செபமாலையோடு யாழ்ப்பாணத்து வீடு வீடாகப் போனார், அதை ஆர் அடையாளம் காணுகினம் என்று பார்க்க. அடையாளம் கண்டார்கள். எப்படி? மூப்பர்மாரும் அண்ணாவிமாரும் இருந்தார்கள்தான். ஆனால் கோயில் பூட்டியிருந்த காலத்தில் ஒரு சின்னப் பிள்ளைக்குச் செபம் சொல்லிக் குடுக்க மிச்சம் இருந்த இடம் வீடு. வீட்டில் இருந்தது ஆர்? நான் அம்மம்மாவைத்தான் நினைக்கிறன்.

மடுவின் கதையும் இதே காலம்தான். 1670 அளவில் மாந்தையில் இருந்து 20 குடும்பங்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் போயின என்பது மரபு. சொரூபம் போனால் பின்னால் உலைப்பானை, விதைநெல், கைக்குழந்தை எல்லாம் போயிருக்கும். அதைச் சுமந்தவர்களைப் பற்றி மரபில் ஒரு வரியும் இல்லை.

இதில் என்னை உலுக்கிய விசயம் ஒண்டு இருக்கு. ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்து ரெண்டே வருசத்தில், 1660 இல், அவர்களுடைய நாட்டில் “வேதசாட்சிகளின் கண்ணாடி” என்ற பெரிய புத்தகம் வெளிவந்தது. தொகுத்தது மெனோனைட் சபையினர். ஆயுதம் எடுக்கமாட்டோம், வளர்ந்த பிறகுதான் ஞானஸ்நானம் என்று சொன்னதற்காகக் கொல்லப்பட்ட சனம். அதில் மேக்கன் வென்ஸ் என்ற தாய் வாறா. ஒரு கொத்தனாரின் மனைவி. 1573 இல் அன்ட்வெர்ப் நகரில், பேசக்கூடாது என்று நாக்கைத் திருகாணியால் இறுக்கி எரித்தார்கள். சிறையில் இருந்து மூத்த மகனுக்குக் கடிதம் எழுதியிருந்தா. அந்தப் 15 வயதுப் பிள்ளை, மூன்று வயதுத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய், பிறகு சாம்பலுக்குள் அந்தத் திருகாணியைத் தேடி எடுத்தான்.

எரித்தது ஆர்? கத்தோலிக்க ஸ்பெயினின் ஆட்சி. அம்மம்மாவின் வேதம். அந்தக் கொடுமையைப் புத்தகமாகப் படித்து அழுத ஒல்லாந்தின் கம்பனிதான் மன்னாரில் அம்மம்மாவின் முன்னோரைத் துரத்தியது. ஆகவே இந்த வேதம் நல்லது, அந்த வேதம் கூடாது என்று என்னால் எழுத ஏலாது. அதிகாரம் எந்த வேதத்தின் கையில் போனாலும் அடி விழுந்தது வீட்டுக்குள்தான்.

ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கு. மேக்கனின் கடிதத்தை அவட சனம் காப்பாற்றிச்சுது. எங்கட தாய்மார் கடிதம் எழுதேல்லை. எழுதியிருந்தாலும் இடம்பெயர்வில் போயிருக்கும். 1999 நவம்பரில் மடுக் கோயிலில் தஞ்சமிருந்த சனத்தின் மேல் செல் விழுந்து ஏறத்தாழ 40 பேர் செத்தார்கள். 2008 ஏப்ரலில் மாதா சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, ஆவணியில் திரும்பி வந்தது. இதையெல்லாம் அம்மம்மா திகதி இல்லாமல், எந்த வருசம் எந்த வயல் விதைக்காமல் கிடந்தது என்று கணக்கு வச்சுச் சொல்லுவா.

போன கிழமை அதை ஃபோனில் பதிவு செய்யத் தொடங்கினன். முதலில் வெட்கப்பட்டா, பிறகு ஒன்றரை மணித்தியாலம் கதைச்சா. நீங்களும் உங்கட வீட்டில் கேட்டுப் பாருங்கோ. சைவமோ இஸ்லாமோ வேதமோ, எந்த வீடாக இருந்தாலும் சரி.

கடைசியாக, அவட அம்மம்மாவின் பெயரைக் கேட்டன். கனநேரம் யோசிச்சா. “பெத்தா எண்டுதான் பிள்ளை கூப்பிடுறனாங்கள்” எண்டா.