இரு வங்கங்களில் புத்தாண்டும் இசையும்

சித்திரை முதல் நாளன்று நமது காலனியில் பஞ்சாங்கம் படிக்கப்படுகிறது. வேப்பம்பூவும் மாங்காயும் வெல்லமும் சேர்ந்த பச்சடி வீடுதோறும் மணக்கிறது. ஆனால் அடுத்த குவார்ட்டர்ஸில் வாழும் வங்காளிக் குடும்பத்தாருக்கோ, பெரும்பாலான ஆண்டுகளில், அன்று பழைய ஆண்டின் கடைசி நாள். அவர்களது வைசாக மாதம் மறுநாள், ஏப்ரல் 15இல்தான் பிறக்கிறது. விந்தை யாதெனில், எல்லைக்கு அப்பால் டாக்கா நகரத்து வங்காளிகள் நம்மைப் போலவே 14ஆம் தேதி புத்தாண்டு கொண்டாடுகின்றனர். கரக்பூரில் இருபது ஆண்டுகளாக ரயில்வே குமாஸ்தாவாக இருந்தும் இதன் காரணம் நமக்கு நெடுநாள் விளங்கவில்லை. விளங்கியபோது, நாள் மட்டுமன்றிப் பாட்டும் இரு விதமாகப் பிரிந்து நிற்பது தெரிந்தது. அதனையே வாசக அன்பர்களுக்கு இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

முதலில் நாள் கணக்கு. சூரியன் மேஷ ராசியில் புகுவதைக் கொண்டே நாமும் வங்காளிகளும் ஆண்டுப் பிறப்பைக் கணிக்கின்றோம். அது சூரிய அஸ்தமனத்திற்கு முன் நிகழ்ந்தால் நமக்கு அன்றே மாதப் பிறப்பு; வங்காள வழக்கில் மறுநாள். மேற்கு வங்கம் இவ்வழக்கத்தை இன்றளவும் விடவில்லை. கிழக்கு வங்கத்திலோ, மொழியறிஞர் முகம்மது ஷஹீதுல்லா தலைமையில் அமைந்த குழு 1966இல் ஒரு சீர்திருத்தம் கூறியது. அதனை ஒட்டிய முறையை 1987இல் வங்காளதேச அரசு ஏற்றுக்கொண்டது. ஏப்ரல் 14 அங்கு நிலையான புத்தாண்டு நாளாயிற்று.

மேற்கு வங்கத்துப் புத்தாண்டு பெரிதும் கடைத்தெருவின் விழா. அறுவடையை ஒட்டி வரி வசூலிக்கும் பொருட்டு அக்பர் காலத்தில் வங்காள ஆண்டு வகுக்கப்பட்டது என்று பலரும் கூறுவர். எவ்வாறாயினும், கணக்குத் தீர்க்கும் நாள் என்ற தன்மை அதனை விட்டு அகலவில்லை. ‘ஹால் காத்தா’ என்னும் புதுக்கணக்கு அன்று தொடங்குகிறது. விநாயகரும் லட்சுமியும் பூஜை கொள்ள, சிவப்புத் துணி போர்த்திய பேரேடு திறக்கப்படுகிறது. பழைய பாக்கியைச் செலுத்தும் வாடிக்கைக்காரருக்கு மிட்டாய்ப் பெட்டியும் ஒரு காலண்டரும் உண்டு. கோல் பஜாரில் நாமும் அவ்வாறு பெற்ற காலண்டர்கள் பல. கல்கத்தா மைதானத்தில் கால்பந்துக் கழகத்தார் கோல் கம்பத்திற்கே பூஜை செய்கின்றனர்!

இசை இல்லாமலில்லை. மாலையில் மன்றங்களில் பாடுகின்றனர். சாந்திநிகேதனத்தில் அந்நாளுக்குத் தனிச் சிறப்புண்டு; ரவீந்திரநாத தாகூரின் கடைசிப் பேருரையான ‘நாகரிகத்தின் நெருக்கடி’ 1941ஆம் ஆண்டுப் புத்தாண்டன்று அங்கேதான் படிக்கப்பட்டது. ஆயினும் கல்கத்தாவின் பெருங் கச்சேரிகளுக்குக் காலம் குளிர்காலம். 1952இல் தோன்றிய டோவர் லேன் சங்கீத மாநாட்டில் இரவு முழுவதும் கம்பளி போர்த்துக் கேட்கும் ரசிகர்களை யாவரும் அறிவர். பாட்டின்றியும் அங்கு புத்தாண்டு நடக்கும், பேரேடின்றி நடவாது.

டாக்காவில் பாட்டே புத்தாண்டு. அதன் வரலாறு நெஞ்சை உருக்குவது. 1961இல் ரவீந்திரர் நூற்றாண்டு வந்தது. அன்றைய பாகிஸ்தான் அரசினர் அவ்விழாவை விரும்பவில்லை. ஆயினும் மக்கள் கொண்டாடினர். கொண்டாடியவர்களுள் சிலர் ‘சாயாநட்’ என்னும் அமைப்பை நிறுவினர். கவிஞர் சூஃபியா கமால், வாஹிதுல் ஹக், சன்ஜிதா காதூன் முதலியோர் அதன் தூண்கள். 1963இல் ஓர் இசைப் பள்ளியும் கண்டனர். 1967இல் ரம்னா பூங்காவின் ஒரு பெருமரத்தடியில், வைசாக முதல் நாள் விடியலில், திறந்தவெளியில் அமர்ந்து பாடினர். ‘ஆலமரத்தடி’ என்று பொருள்படும் பெயரால் அவ்விடம் வழங்கினும் மரம் உண்மையில் அரசமரமாம்! அதே ஆண்டு ஜூன் மாதம் பாகிஸ்தான் வானொலியில் ரவீந்திரர் பாடல்களுக்குத் தடை அறிவிக்கப்பட்டது. அறிஞரும் மாணவரும் வெகுண்டெழுந்தனர். 1971இல் போரின் நடுவே மரத்தடி மௌனமாயிற்று. நாடு விடுதலை பெற்றதும், தடைக்குள்ளான அதே கவிஞரின் பாட்டு தேசிய கீதமாயிற்று.

இடர் அத்துடன் ஒழியவில்லை. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று பாட்டின் நடுவே குண்டு வெடித்தது. பத்துப் பேர் மாண்டனர். மறு ஆண்டும் அதே மரத்தடியில் அதே விடியலில் பாடினர். 1989இல் டாக்காப் பல்கலைக்கழக ஓவிய மாணவர் தொடங்கிய புத்தாண்டு ஊர்வலமும் புகழ் பெற்றது. 2016இல் யுனெஸ்கோ அதனைத் தன் பட்டியலில் சேர்த்தது.

நமது பாட்டை இவ்வூரில் எவரும் தடுக்கவில்லை. ஆண்டு விழா ஒத்திகைக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் காணும்போது, எவரேனும் தடுத்தால் நன்றாயிருக்குமோ என்று நம் சங்கத்தார் வேடிக்கையாகக் கூறுவதுண்டு.

இரு நாடுகளும் வேறுபாடின்றிப் பேணுவது பாவுல் நாடோடிகளின் பாட்டு. நமக்குப் பொங்கல் வரும் மகர சங்கிராந்தியை ஒட்டி, இங்கே அஜய் நதிக்கரையில் கெந்துலியில் அவர்கள் கூடுகின்றனர். அங்கே குஷ்டியாவில், 1890இல் மறைந்த லாலன் ஃபக்கீரின் சமாதியருகே கூடுகின்றனர். அந்தக் குஷ்டியாவுக்குக் கல்கத்தாவிலிருந்து 1862லேயே இருப்புப்பாதை இடப்பட்டது என்பதை ரயில்வேக்காரர் என்ற முறையில் குறிப்பிடாதிருக்க இயலவில்லை.

எல்லை தாண்டிய வண்டிகள் 1965ஆம் ஆண்டுப் போரில் நின்றன. 2008 ஏப்ரல் 14 அன்று, டாக்காவின் புத்தாண்டு நாளிலேயே, கல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் இடையே மைத்ரி எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. 2024 ஜூலையில் வங்காளதேசக் கலவரத்தின்போது அதுவும் நின்றது.

நம்மோடு பணியாற்றி ஓய்வு பெற்ற வங்காளிப் பெரியவர் ஒருவர் இவ்வூரில் வாழ்கிறார். 1964இல் தம் ஆறாம் வயதில், தாயின் கைபிடித்து ஃபரீத்பூரிலிருந்து வந்தவர். 14ஆம் தேதி, நம் கடிகாரத்தில் ஆறு மணி அடிக்குமுன், கைப்பேசியில் ரம்னா மரத்தடிப் பாட்டைக் கேட்பார். டாக்காவின் கடிகாரம் நம்முடையதற்கு அரை மணி முன்னே ஓடுகிறது என்பார். பின் குளித்து, நம் வீட்டுப் பச்சடிக்கு வருவார். மறுநாள் கோல் பஜாருக்குச் சென்று பாக்கி தீர்ப்பார். “இரண்டு நாளும் எனக்குப் புத்தாண்டுதான், பாபு” என்று சிரிப்பார். ஒருமுறையேனும் அம்மரத்தடியில் நேரில் அமர்ந்து கேட்க வேண்டுமென 2025ஆம் ஆண்டுக்குத் திட்டமிட்டிருந்தார், பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டார். 2025 ஏப்ரல் 14 காலையிலும் வழக்கம்போல் பச்சடிக்கே வந்தார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, வண்டி எப்போது விடுவார்கள் என்று நம்மைக் கேட்டார். பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு அது எவ்வாறு தெரியும்? விசாரித்துச் சொல்வதாகக் கூறினோம்.