எட்டாம் மாதக் குழந்தை

கொங்குப் பக்கம் வயசான பெண்களிடம் பிரசவப் பேச்சு எடுத்தால் இந்த வரி எப்படியும் வந்துவிடும்: "ஏழுல பொறந்தா பொழைச்சுக்குமுங்க, எட்டுல பொறந்தா தங்காதுங்க." இது கோவைக்கோ ஈரோட்டுக்கோ மட்டும் சொந்தமான நம்பிக்கை இல்லை. ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவ நூல்களில் ஒன்று எட்டாம் மாதக் குழந்தையைப் பற்றியே எழுதப்பட்டது. அதுவும் இதையேதான் சொல்கிறது.

உண்மை இதற்கு நேர்மாறு. கருப்பையில் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு வாரமும் குறைமாதக் குழந்தைக்கு லாபம். ஏழில் பிறந்து பிழைத்த பிள்ளையின் கதையை ஊரே தலைமுறை தலைமுறையாகச் சொல்லும். பிழைக்காத பிள்ளைகளைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்? ஒருவேளை அப்படித்தான் இந்தக் கணக்கு நிலைத்திருக்க வேண்டும்.

அந்தப் பிள்ளைகள் ஏன் இறந்தார்கள் என்பது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மருத்துவர்களுக்கும் தெளிவாகத் தெரியாது. பிறந்தபோது அழும். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கும், நெஞ்சுக்கூடு உள்ளிழுக்கும், உடம்பு நீலம் பாயும். 1959இல் அமெரிக்க மருத்துவர் மேரி எல்லன் ஏவரி, ஜெரி மீடுடன் சேர்ந்து காரணத்தைக் காட்டினார். நம் நுரையீரலின் காற்றறைகளுக்குள் சோப்புத் தண்ணீர் மாதிரி ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. சர்ஃபாக்டன்ட் என்று பெயர். மூச்சை வெளியே விடும்போது காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது அதுதான். சுமார் 24ஆம் வாரத்தில் உருவாகத் தொடங்கி, 34, 35 வாக்கில்தான் போதுமான அளவை எட்டுகிறது. அது இல்லாத குழந்தை, ஒவ்வொரு மூச்சுக்கும் புது பலூனை முதல் தடவை ஊதுகிற மாதிரி பாடுபட வேண்டும். சில மணி நேரத்தில் களைத்துவிடும்.

காரணம் தெரிந்தும் கையில் மருந்து இல்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பாட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை 2.1 கிலோ. இன்றைக்கு நம்மூர் டாக்டர்கள் பெரிதாகக் கவலைப்படாத எடை. 39 மணி நேரத்தில் இறந்துபோனான்.

விடை ஆட்டுப்பட்டியிலிருந்து வந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிகின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று செம்மறி ஆடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். செம்மறிக்குச் சினைக்காலம் ஐந்து மாதம் என்பது காங்கேயத்துப் பட்டிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கருவில் இருக்கும்போதே ஸ்டீராய்டு கொடுத்த ஒரு குட்டி நாலு மாதம்கூட நிறையாமல் பிறந்தது. செத்திருக்க வேண்டிய குட்டி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. மருந்து அதன் நுரையீரலை அவசரமாக முதிரவைத்திருந்தது.

லிகின்ஸும் ஹோவியும் இதைத் தாய்மார்களிடம் சோதித்து 1972இல் வெளியிட்டார்கள். ஊசி போடாத தாய்மாரின் குறைமாதக் குழந்தைகளில் 15 சதவீதம் முதல் வாரத்திலேயே இறந்தன. ஊசி போட்டவர்களிடம் 3.2 சதவீதம். விலை மலிந்த, எங்கும் கிடைக்கிற மருந்து. ஆனாலும் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு இதைப் பரவலாகப் பயன்படுத்தச் சொன்னது 1994இல்தான். 22 வருஷம். இடையில் 1980இல் ஜப்பானின் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைப் பத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்து வெற்றி கண்டார். அந்த விலை உயர்ந்த மருந்து 1990களில் பணக்கார நாடுகளின் மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்டது. மலிவான ஊசி மெதுவாக நடந்து வந்தது.

இந்தியாவில் 2014இல் மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. 24 முதல் 34 வாரத்துக்குள் வலி கண்டால், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே டெக்சாமெத்தசோன் ஊசியின் முதல் தவணையை நர்ஸே போடலாம். விரைவிலேயே ஓர் அதிர்ச்சி. பெலகாவி, நாக்பூர் உட்பட ஆறு நாடுகளில் நடந்த பெரிய ஆய்வில், ஊசியைக் கிராமம் வரை கொண்டுபோன இடங்களில் மிகச் சிறிய குழந்தைகளின் இறப்பு குறையவில்லை. எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் இறப்பு கூடியிருந்தது. ஊசி பெற்ற பலருக்குப் பிறந்தவை அவ்வளவு சிறிய குழந்தைகளே இல்லை.

இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் 29 மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு, 2020இல் பதில் சொன்னது. கர்ப்ப வாரத்தை ஸ்கேனில் உறுதிசெய்து, குழந்தையைக் கவனிக்க வசதியுள்ள இடத்தில் ஊசி போட்டபோது, 25 தாய்மாருக்கு ஓர் உயிர் என்ற கணக்கில் குழந்தைகள் பிழைத்தன. மருந்து அதேதான். மாறியது இடமும் கணக்கும்.

இப்போது வால்பாறையை நினைத்துப் பாருங்கள். பொள்ளாச்சிக்கு 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவுகள். கோவை இன்னும் தள்ளி. கோவையில் தனியார், அரசு இரண்டு பக்கமும் பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. 30ஆவது வாரத்தில் வலி கண்ட எஸ்டேட் தொழிலாளிப் பெண் ஒருத்தி மலையிறங்கும்போது, குழந்தை அவள் வயிற்றுக்குள் இருந்தபடியே வந்து சேர்வதுதான் நல்லது. அதைவிடப் பாதுகாப்பான இன்குபேட்டர் எந்த ஆம்புலன்ஸிலும் கிடையாது. ஊசி முழுதாக வேலை செய்யக் கிட்டத்தட்ட ஒரு நாள் பிடிக்கும். வளைவுகளில் கழியும் நேரமும் அதில் சேரும்.

இதெல்லாம் தொடங்குவது ஒரு தேதியில். முதல் தடவை பதிவு பண்ணப் போகும்போது நர்ஸம்மா கேட்பாரே, "கடைசியாத் தலைக்கு ஊத்துனது எப்பம்மா?" என்று. அந்தத் தேதியும் ஆரம்பத்திலேயே எடுத்த ஒரு ஸ்கேனும் இல்லாவிட்டால், 30 வாரமா 35 வாரமா என்று யாருக்கும் தெரியாது. ஏழு, எட்டு என்று பாட்டிகள் விரல்விட்டு எண்ணியது வீண்போகவில்லை. எண்ண வேண்டும் என்பதில் அவர்கள் சரி. எண்ண வேண்டியது வாரங்களை.